வௌவாற் குட்டியின் மழலை

மழலைக்கு வள்ளுவர் அளித்த இடம் யாவரும் அறிந்ததே. அது மனிதக் குழந்தைக்கே உரிய தனிச் சொத்து என்று நாம் எண்ணி வந்திருக்கின்றோம். பசுவின் கன்று கதறும், ஆட்டுக்குட்டி கத்தும், ஆயினும் அவை மழலை பேசுவதில்லை. பிறந்த அன்று கன்று எவ்விதம் குரல் எழுப்பியதோ, குரல் தடித்ததைத் தவிர வேறு மாற்றமின்றி, வளர்ந்த பின்னும் ஏறக்குறைய அவ்விதமே எழுப்புகின்றது. மழலையோ வேறு. அது சொல்லாகாத ஒலி; சொல்லாக முயலும் ஒலி. பசியில்லாத வேளையிலும், கேட்பார் எவரும் அருகில் இல்லாத வேளையிலும், தொட்டிலிற் கிடந்தபடியே "பபபா" என்றும் "தத்தத்தா" என்றும் தானே சொல்லித் தானே கேட்டு மகிழும் பயிற்சி அது.

பாலர் வகுப்பிலே 31 ஆண்டுகள் படிப்பித்தவள் நான். குழந்தைகளின் வாயிலே சொல் எவ்விதம் உருவாகின்றது என்பதைப் பார்த்துக் கொண்டிருப்பதே என் உத்தியோகமாக இருந்தது. ஆதலினால், மழலை பேசும் வௌவால் ஒன்று மத்திய அமெரிக்கக் காடுகளிலே உண்டு என்ற செய்தி என் கண்ணிற் பட்டபோது அதனை எளிதில் விட்டுவிட மனம் வரவில்லை. கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். பாடும் பறவைகளின் குஞ்சுகளிடத்தும், சின்னஞ்சிறு குரங்கினம் ஒன்றிடத்தும் இதனையொத்த பழக்கம் உண்டென்பர். ஆனால் வௌவாலின் கதைதான் என்னை அதிகம் ஈர்த்தது. அதற்குக் காரணம் ரொறன்ரோ நகரத்திலே இருக்கின்றது. அதைப் பின்னர் சொல்லுகின்றேன்.

நம்மவருக்கு வௌவால் என்றதும் நினைவுக்கு வருவது பெரிய பழந்தின்னி வௌவாலே. எங்கள் ஊர்க் கோயில் வீதியில் நிற்கும் இலுப்பை மரங்களிலே பழக்காலத்தில் இரவு முழுவதும் ஒரே ஆரவாரம். விடிந்ததும், அவை சப்பிப் போட்ட கொட்டைகளைப் பொறுக்கச் சிறுவர்கள் கடகத்தோடு ஓடுவதும் உண்டு. பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குச் சுற்றுலாச் சென்றோர், பட்டப்பகலில் ஆயிரக்கணக்கில் மரங்களில் தொங்கும் அதே இனத்தைக் கண்டிருப்பார்கள். ஆயின் இவ்வினத்துக்குக் கண் கூர்மையானது. கண்ணாலும் மூக்கினாலுமே அது பழத்தைத் தேடிக்கொள்ளும். குரலை வீசி எதிரொலியால் வழி காணும் வித்தை அதற்கில்லை. அவ்வித்தை கைவரப் பெற்றவை, வீட்டுக் கூரையிலும் பாழ் மண்டபங்களிலும் குகைகளிலும் ஒண்டியிருக்கும் சிறிய வௌவால்களே.

இருளிலே வௌவால் கண்ணை நம்பிப் பறப்பதில்லை என்பதை இத்தாலியரான ஸ்பல்லன்சானி 1793 ஆம் ஆண்டளவிலே கண்டார். காதை அடைத்தால் அது தடுமாறுகின்றது என்பதும் சற்றுப் பின்னர் தெரியவந்தது. ஆனால் அந்தக் காது எதைக் கேட்கின்றது என்பதற்கு விடை கிடைக்க 1938 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த டொனால்ட் கிரிபின், நம் செவிக்கு எட்டாத ஒலியைக் காட்டும் கருவி ஒன்றின் முன் வௌவாலைக் கொண்டுபோய் வைத்தார். அதுவரை ஊமை என்று எண்ணப்பட்ட பிராணி இடைவிடாது கூவிக்கொண்டிருந்தமை அப்போதுதான் வெளிப்பட்டது. செக்கனுக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மனிதச் செவி கேளாது. வௌவாலின் கூவலோ பெரும்பாலும் அதற்கு மேலே நிகழ்வது.

குட்டியின் குரலுக்கு வருவோம். வௌவால் முட்டையிடுவதில்லை, குட்டி ஈன்று பால் கொடுக்கும் பிராணி. பெரும்பாலான இனங்களிலே ஒரு பேற்றுக்கு ஒரு குட்டிதான். பிறந்தவுடன் அக்குட்டிக்குக் கைவசமுள்ள பாஷை ஒன்றே ஒன்று. தாயைக் கூப்பிடும் அழுகுரல். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே பிரக்கன் என்றொரு குகை உண்டு. கோடைக் காலத்தில் அங்கே கோடிக்கு மேற்பட்ட வௌவால்கள் வந்து தங்கிக் குட்டி ஈனுகின்றன. இத்தகைய குகைகளிலே ஒரு சதுர மீற்றர்ச் சுவரில் ஆயிரக்கணக்கான குட்டிகள், ரோமமின்றி, செக்கச் செவேலென்று ஒட்டிக்கொண்டிருக்கும். இரை தேடிவிட்டுத் திரும்பும் தாய், இந்தச் சமுத்திரத்திலே தன் பிள்ளையை எங்ஙனம் கண்டுபிடிப்பாள்? கண்டுபிடிப்பதே இல்லை, வாய்த்த குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுப் போகின்றாள் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1984 ஆம் ஆண்டில் கரி மக்கிரக்கன் என்ற விஞ்ஞானி, பால் கொடுக்கும் தாயையும் பால் குடிக்கும் குட்டியையும் சோடி சோடியாக எடுத்து இரத்தத்தைப் பரிசோதித்தார். ஏறத்தாழ 83 வீதமானவை சொந்தத் தாயும் பிள்ளையுமே என்று முடிவு வந்தது. கடைசியாகப் பால் கொடுத்த இடத்தை நினைவில் வைத்து அங்கே இறங்கும் தாய், பின்னர் குரலாலும் மணத்தாலும் தன் குட்டியை அறிந்து கொள்ளுகின்றாள். ஒவ்வொரு குட்டியின் அழுகுரலும் ஒவ்வொரு விதம். பிள்ளைகள் நிறைந்த மண்டபத்தில் தன் பிள்ளை அழுதால் மாத்திரம் எழுந்தோடும் தாய்மாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அழுகுரலுக்குப் பின் வழி காணும் குரல் வருகின்றது. இது பெரும்பாலும் உடலோடு வளர்வது. நம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் வௌவாலினம் ஒன்றுக்கு, மூக்கின்மேல் குதிரை லாடம் போன்ற தோல் மடிப்பு உண்டு. ஆதலின் அதனை லாட வௌவால் என்போம். வளர்ந்தது, செக்கனுக்கு 70,000 அதிர்வுகளுக்கும் மேலான உச்ச ஸ்தாயியிலே மூக்கினால் கூவும். நம் நாட்டுக் காட்டிலே அது இரை பிடிக்கும் விதத்தைப் பற்றி ஜெர்மனியரான நொய்வைலரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1987 ஆம் ஆண்டில் எழுதினார்கள். அதே ஆண்டில் ரூப்சாமென் என்பார் இதே இனத்தின் குட்டிகள் வளரும் முறையை வெளியிட்டார். பிறந்த குட்டி தாழ்ந்த ஸ்தாயியிலே தொடங்குகின்றது. வாரத்துக்கு வாரம் குரல் மேலே ஏறுகின்றது. இதில் வியப்பு யாதெனில், குரல் எவ்வளவு ஏறுகின்றதோ அவ்வளவுக்குக் காதின் கூர்மையும் கூடவே ஏறுகின்றது. பாட்டுக்காரன் சுருதியைக் கூட்டக் கூட்ட, மிருதங்கக்காரனும் வாரை இழுத்துக் கொடுப்பது போல் இரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து செல்லுகின்றன.

இங்கிலாந்தின் லாட வௌவால்களிடம் இன்னொரு புதுமை. தாய் முதியவளாயின், அவள் பெற்ற குட்டியின் குரலும் சற்றுத் தாழ்ந்திருக்கும் என்று ஜோன்ஸ், ரான்சம் என்ற இருவர் 1993 ஆம் ஆண்டில் எழுதினார்கள். வயதானால் தாயின் குரல் இறங்குகின்றது. அவளோடு வளரும் பிள்ளையும் அந்த இறங்கிய குரலையே அளவாகக் கொள்ளுகின்றது போலும்.

இனிப் பனாமாவுக்குப் போவோம். முதுகிலே இரண்டு வெண்ணிற நெளிகோடுகளும், ஆணுக்குச் சிறகில் மணப்பையும் உடைய சிறு வௌவால் ஒன்று அங்கே உண்டு. எடை 8 கிராம் அளவிலேதான். குகையை நாடாமல், பெருமரங்களின் அடியிலும் கட்டிடச் சுவர்களிலும் பகல் வெளிச்சத்திலேயே அது குடும்பமாகத் தங்குகின்றது. ஆகவே அருகில் அமர்ந்து கவனிக்க வசதி. ஆண் வௌவால் விடியலிலும் அந்தியிலும் தன் எல்லையைக் காக்கப் பாட்டுப் பாடும்; பெண்ணை நயந்து வேறொரு பாட்டும் பாடும். பாட்டு என்றால் வெறுங் கூச்சலன்று. வெவ்வேறு அசைகளைக் கோத்துத் தொடுத்தது. அவ்வினத்தின் முழு அரிச்சுவடியில் 25 வகை அசைகள் உள்ளன.

பெர்லின் இயற்கை வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்த அஹானா பெர்னாண்டஸ், மிர்யம் க்னோர்ன்ஷில்ட் முதலியோர் பனாமாவிலும் கொஸ்தாரிக்காவிலும் இவ்வினத்தின் 20 குட்டிகளைப் பிறப்பிலிருந்து பால் மறக்கும் வரையில் தொடர்ந்து கவனித்து, அவற்றின் ஒலியைப் பதிவு செய்தார்கள். 2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் "சயன்ஸ்" சஞ்சிகையில் அதன் விபரம் வெளிவந்தது. குட்டிக்கு இரண்டரை வாரம் ஆகும்போது மழலை தொடங்குகின்றது. ஏறக்குறைய 10 வாரத்தில், பால் மறக்கும் காலத்தோடு, அது ஓய்கின்றது. இடைப்பட்ட காலத்திலே நாள்தோறும் இதே வேலை. ஒருமுறை தொடங்கினால் சராசரி 7 நிமிடம் நீடிக்கும். ஒரு குட்டி 43 நிமிடம் ஓயாது பேசியதாம்! எழுதுவினைஞரைப் போலப் பொறுமையோடு அமர்ந்து, பதிவான 55,000 க்கு மேற்பட்ட அசைகளை வகை பிரித்தார்கள். மனிதக் குழந்தையின் மழலையிலே காணப்படும் இலக்கணங்கள் இங்கும் இருந்தன. ஒரே அசையைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், அதிலே ஒரு தாளம், பெரியவர்களின் அசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொள்ளுதல், அவற்றோடு குட்டிக்கே உரிய சிணுங்கலையும் கலந்து கொள்ளுதல் யாவும் உண்டு. குட்டி எதையும் கேட்டுப் பேசவில்லை. பாலுக்காகவுமன்று, அச்சத்தினாலுமன்று. பேசிப் பழகுவதற்காகவே பேசிற்று.

தாய் என்ன செய்கின்றாள்? பெரும்பாலும் அமைதியாகத் தொங்கிக் கொண்டிருக்கின்றாள். எனினும், தன் குட்டியோடு பேசும்போது அவள் குரல் வேறாகிவிடுகின்றது என்று 2020 ஆம் ஆண்டிலே இதே ஆராய்ச்சியாளர் கண்டனர். வளர்ந்த வௌவாலோடு பேசும்போது ஒரு குரல். குட்டியோடு பேசும்போது ஸ்தாயியும் தொனியும் மாறிய இன்னொரு குரல். நாமும் குழந்தையைக் கண்டதும் குரலை மாற்றிக் கொண்டு கொஞ்சுவதில்லையா?

பாட்டைக் கற்பிப்பவள் தாயுமல்லள். 2010 ஆம் ஆண்டில் வெளிவந்த முந்திய ஆராய்ச்சி ஒன்று, அக்குடும்பத்தை ஆளும் ஆண் வௌவாலின் எல்லைப் பாட்டையே குட்டிகள் கேட்டுப் பிரதி செய்கின்றன என்று காட்டிற்று. அவன் பெற்ற பிள்ளைதான் என்பதில்லை. பிறன் பிள்ளையும் அவனைப் போலவே பாடப் பழகுகின்றது. இரத்தத்திலே வந்ததன்று, காதிலே வந்தது என்பதற்கு இதனிலும் வேறு சாட்சி வேண்டுமா?

என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது இன்னொன்று. வளர்ந்தபின் பாடுவது ஆண் மாத்திரமே. ஆனால் மழலைப் பருவத்திலே பெண்குட்டியும் ஆண்குட்டிக்குச் சற்றும் குறையாமல் அதே அசைகளைப் பழகுகின்றது. தான் ஒருநாளும் பாடப்போகாத பாட்டை அது ஏன் பழக வேண்டும்? பின்னாளில் ஆண்களின் பாட்டைச் சீர்தூக்கிப் பார்க்க இப்பயிற்சி உதவலாம் என்பது ஆராய்ச்சியாளரின் ஊகம். இவ்வினத்தில் ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன. ஊரைவிட்டுப் போவது பெண் பிள்ளைகள்தாம். பாட்டு முழுவதையும் காதிலும் நாவிலும் வைத்துக்கொண்டு, பிறந்த மரத்தை விட்டு வேறு மரத்துக்கு வாழப்போகும் அந்தப் பெண்குட்டிகளை நினைத்துக் கொண்டு, அன்றைக்கு அடுப்பில் வைத்த பாலைப் பொங்க விட்டுவிட்டேன்.

என் மகள் ரொறன்ரோவில் வாழ்கின்றாள். அவளுடைய பெண்ணுக்கு இப்போது இரண்டரை வயது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போவதால், குழந்தை ஒரு வயது முதலே பகல் முழுவதும் சிறுவர் பராமரிப்பு நிலையம் ஒன்றிலே வளர்கின்றது. அங்கே பல நாட்டுப் பிள்ளைகள், பேச்சு ஆங்கிலம். கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போது மகள் ஒருநாள் சொன்னாள்: "அம்மா, நாங்கள் ரெண்டு பேரும் வீட்டில தமிழ்தான் கதைக்கிறம். ஆனா பிள்ளை வாயைத் திறந்தா இங்கிலீசுதான் வருது." அவள் குரலிலே குற்றவுணர்ச்சி இருந்தது. அவள் என்ன குற்றம் செய்தாள்? தாய்மொழி என்று நாம் அதற்குப் பெயர் வைத்துவிட்டோம். ஆதலின் பொறுப்பு முழுவதும் தாயின் தலையில் விழுந்துவிடுகின்றது.

இந்த வேளையிலேதான் இஸ்ரவேலின் தெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் யோசெப் பிராட், யொசி யோவெல் முதலானோர் எகிப்தியப் பழ வௌவால்களைக் கொண்டு நடத்திய பரிசோதனைகளைப் படிக்க நேர்ந்தது. இவை இருண்ட குகைகளிலே நெருக்கியடித்துக் கொண்டு வாழ்பவை. அவற்றின் பேச்சிற் பெரும்பகுதி சச்சரவுதான்: பழத்துக்குச் சண்டை, படுக்கும் இடத்துக்குச் சண்டை, கிட்ட நெருங்கியதற்குச் சண்டை. நம் சங்கக்கடை வரிசையை நினைத்துக் கொண்டேன். குட்டிகள் கேட்டு வளர்வது இந்த இரைச்சலைத்தான். 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த பரிசோதனையிலே சில குட்டிகளைக் கூட்டத்திலிருந்து பிரித்து, தாயோடு மாத்திரம் தனித்து வைத்து வளர்த்தார்கள். எதிரே பேச ஆளில்லாத இடத்திலே தாய் வௌவால் அநேகமாக வாய் திறப்பதில்லை. ஆகவே அக்குட்டிகள், மற்றக் குட்டிகள் பெரியவர்களைப் போற் பேசும் வயதிலும், பிள்ளைக் குரலையே விடாது பிடித்துக் கொண்டிருந்தன. பின்னர் அவற்றைக் கூட்டத்தோடு சேர்த்தபோது, பின்தங்கியவை வந்து சேர்ந்துகொண்டன.

2017 ஆம் ஆண்டில் வந்தது இதனினும் கூர்மையானது. குட்டிகளை மூன்று கூட்டங்களாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு உயர்ந்த ஸ்தாயியிலான வௌவால் ஒலிகளையும், இன்னொன்றுக்குத் தாழ்ந்த ஸ்தாயியிலானவற்றையும், மூன்றாவதற்கு இரண்டும் கலந்ததையும் ஒலிபெருக்கி மூலம் மாதக்கணக்கிலே கேட்கச் செய்தார்கள். தாய்மாரும் முதற்பருவத்தில் உடனிருந்தே வளர்த்தார்கள். தாய்மார் பேசியது தங்கள் இயல்பான பேச்சு. ஆனால் குட்டிகளின் நாவிலே நிலைத்தது ஒலிபெருக்கியில் வந்த கூட்டத்தின் பேச்சே! ஒவ்வொரு கூட்டமும் தனக்கென ஒரு கொச்சை வழக்குடன் வளர்ந்தது. தாய் ஒருத்தியின் குரலை ஊர் முழுவதன் குரல் வென்றுவிட்டது.

வாசித்து முடித்ததும் புத்தகக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். என் கணவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். எதையும் முத்திரை பார்த்தே ஏற்பவர். விஷயத்தைச் சொன்னேன். "இஞ்சேரும், வௌவாலை வைச்சு எங்கட பிள்ளையின்ர தமிழை அளக்கப் போறீரோ?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வௌவாலின் ஒலி மனித பாஷையன்று. அதிலே இலக்கியமுமில்லை, இலக்கணமுமில்லை. ஸ்தாயி சற்று ஏறியிறங்குவதும் ஒரு மொழி கைவிட்டுப் போவதும் ஒன்றாகா. மனிதக் குழந்தை இரண்டு மூன்று மொழிகளை ஒருங்கே ஏந்தக்கூடியது; கொழும்பிலே வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் இதற்குச் சாட்சி! ஆயினும் ஒரு விஷயத்தை நான் அவருக்கு விட்டுக் கொடுக்கவில்லை. பாலர் வகுப்பிலே நான் கண்டதும் அதுவே. ஆசிரியை ஆயிரம் முறை சொல்லியும் வராத சொல், பக்கத்திலிருக்கும் பிள்ளை ஒருமுறை கத்தினால் வந்துவிடும். குழந்தைக்குத் தன்னைப் போன்றோர் நாலு பேர் வேண்டும். அவர்கள் தமக்குள்ளே ஆரவாரிக்க வேண்டும். இது அதன் காதில் விழ வேண்டும். பேரப்பிள்ளையிடம், "அம்மம்மா எண்டு சொல்லு பாப்பம்" என்று நாங்கள் இரண்டு கிழங்கள் திரையின் முன்னே உட்கார்ந்து மன்றாடுவதிலே என்ன பயன்?

ஆதலின் சென்ற ஆனி மாதம் முதல் ஒழுங்கை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை இங்கே ஆறரை மணியாகும்போது அங்கே காலை ஒன்பது மணி. அந்த நேரத்துக்கு எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் ஐந்தாறு பேரை விறாந்தைக்கு அழைத்துவிடுவேன். ஒரு தட்டிலே எள்ளுருண்டை வைத்தால் அழைப்பிதழ் தேவையில்லை. கைத்தொலைபேசியை மேசையில் சாத்தி வைத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். அவர்கள் கெந்தித் தொடுவார்கள், சண்டை பிடிப்பார்கள், உருண்டைக்குப் பங்கு கேட்பார்கள், முன்வீட்டுப் பையன் தன் நாயை உரத்துக் கூப்பிடுவான். அங்கே ரொறன்ரோவிலே ஒருத்தி பாற்போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு இமை கொட்டாமல் பார்த்துக் கொண்டிருப்பாள். முதல் மூன்று வாரம் அவள் ஒன்றுமே பேசவில்லை.

நான்காம் வாரம் மகள் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். குழந்தை தன் துணிக் கரடியை நிலத்திலே இழுத்துக்கொண்டு போய், "இஞ்ச வாடா! இஞ்ச வாடா!" என்று அதட்டுகின்றதாம். நாயைக் கூப்பிடும் பையனின் குரல் அப்படியே. ஏற்ற இறக்கம் கூடப் பிசகவில்லை. நான் இரண்டு வருடமாகச் சொல்லிக் கொடுக்கும் "அம்மம்மா" மாத்திரம் இன்னும் "அம்மா"வைத் தாண்டவில்லை.

"பொம்பிளைப் பிள்ளை 'வாடா' எண்டு கதைக்கிறதோ?" என்று என் கணவர் கவலைப்பட்டார்.

"முதலிலே வரட்டும், மரியாதையைப் பிறகு பார்ப்பம்" என்றேன்.